தக்காளிக்குத் தாலி

1

என் தங்கை சரசுவின் கடிதம் போன வாரம் வந்தது. நீல நிற ஏரோகிராம். மடிக்கிற ஓரத்தைக்கூட விடாமல் எழுதுகிற பழக்கம் அவளுக்கு. மாடு கன்று போட்டது, கொழுந்தனுக்கு மில்லில் வேலை கிடைத்தது எல்லாம் எழுதி முடித்துவிட்டு, பசை தடவுகிற இடத்தில் பொடியாக ஒரு வரி: "இங்கே இப்போ புது ரகத் தக்காளி வந்திருக்கு, கம்பு ஊன்றினால்தான் நிற்குமாம். நீ அங்கே ஊன்றித்தானே வளர்க்கிறாய்? எந்தக் கம்பு நல்லது, எழுது."

கேட்டது ஒரு வரி. பதில் எழுத உட்கார்ந்தால், நான் இந்த ஊருக்கு வந்த பதினான்கு வருஷமும் முன்னால் வந்து நிற்கிறது. அதனால் சரசுவுக்கு மட்டும் என்றில்லாமல், ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளி போடுகிற எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன். கம்பைப் பற்றி மட்டும் தெரிந்தால் போதும் என்கிறவர்கள் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. பொய் சொல்கிறேன், கொஞ்சம் வருத்தம்தான்.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்தில், ஈப்போ ஊரின் ஓரத்தில். வரிசை வீடு. வீட்டுக்குப் பின்னால் இரண்டு கட்டில் போடுகிற அளவுக்கு மண். என் வீட்டுக்காரர் மாணிக்கம் லாரி ஓட்டுகிறார். விடியும் முன்னே கிளம்பி, தாப்பா வழியாகக் கேமரன் மலைக்குப் போய், காய்கறி ஏற்றிக்கொண்டு இறங்குவார். அதில் பாதி தக்காளி. லாரி லாரியாகத் தக்காளி கொண்டுவருகிறவர் வீட்டில் நான் நாலு செடிக்குக் கம்பு தேடி அலைவதைப் பார்த்துத் தெருவே சிரிக்கும். சிரிக்கட்டுமே. மலைத் தக்காளி பார்க்கத்தான் அழகு, புளிப்பு கிடையாது. அதில் ரசம் வைத்தால் இனிப்புத் தண்ணீர். எனக்கு நம்மூர்ப் புளிப்பு வேண்டும். அதற்காகத்தான் வரும்போதே புடவை மடிப்பில் விதை முடிந்து கொண்டுவந்தேன்.

2

எழுபத்திரண்டில் மாப்பிள்ளை பார்த்தபோது தரகர் என் அப்பாவிடம் சொன்னது இதுதான்: "பையன் தோட்டத்துல பொறந்து வளந்தவருங்க."

நம்ம பக்கத்தில் தோட்டம் என்றால் என்ன? கிணறு, மோட்டார், வாய்க்கால், அதில் முப்போகம். அப்பா குளிர்ந்துபோய்விட்டார். எத்தனை ஏக்கர் என்று கேட்டார். தரகர் விவரம் தெரியாமல், "அது கிடக்கும்ங்க, ஆயிரக்கணக்குல" என்றார். அப்பாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

இங்கே வந்து இறங்கியபிறகுதான் தெரிந்தது, இந்த நாட்டில் தோட்டம் என்றால் வெள்ளைக்காரன் போட்ட ரப்பர் தோட்டம். ஏக்கர் ஆயிரக்கணக்கில்தான். ஆனால் நம்முடையது இல்லை. என் வீட்டுக்காரர் பிறந்தது ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில், கூலிகளுக்குக் கட்டிய லயத்து வீட்டில். கல்யாணமாகி ஒரு மாதம் கழித்து இதைச் சொல்லிச் சண்டை போட்டேன். அவர் விழித்தார்.

"நா எப்ப எனக்குச் சொந்தம்னு சொன்னேன் கோமதி? தோட்டத்துல பொறந்தேன்னு சொன்னது நெசந்தானே லா?"

நிசம்தான். அந்த 'லா' இந்த ஊர்ப் பேச்சுக்கு வால், அதற்குத் தனியாக அர்த்தம் கிடையாது. சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கு எழுதவில்லை. கடைசிவரை ஊரெல்லாம் மாப்பிள்ளையின் ஆயிரம் ஏக்கரைச் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டுப் போனார். அந்த மனுஷன் நன்றாக இருந்தார், அது போதும்.

3

இப்போது கம்பு.

முதல் வருஷம் கம்பே வைக்கவில்லை. வைப்பேனா? தக்காளி போடுகிற குடும்பத்துப் பெண் நான். நம்மூரில் செடியைத் தரையில் படரவிடுவோம், பழம் மண்ணில் கிடந்து பழுக்கும். வீட்டுக்காரர் ஒரு தடவை "குச்சி நட்டா என்ன?" என்றார். "நீங்க லாரி ஓட்டுங்க, நான் தக்காளி பாத்துக்கறேன்" என்றேன். ஈப்போ மழையை அப்போது எனக்குத் தெரியாது. மத்தியானம் மூன்று மணிக்கு வாளி வாளியாகக் கொட்டும். தரையில் கிடந்த பழம் அத்தனையும் அழுகி, அடிப்பக்கம் நூல் நூலாகப் பூசணம். ஒன்றுகூட வாயில் வைக்கவில்லை. அவர் கூடை எடுத்துவந்து அழுகியதைப் பொறுக்கிப் போட்டார். நாலு வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் தேவலாம்.

அடுத்த வருஷம் ஆயர் தாவாரில் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்ப் பனை போட்டார்கள். அவர் லாரியில் ஒரு கட்டு ரப்பர்க் கிளைகளைப் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார். முகத்தில் ஒரு சந்தோஷம். "எங்கப்பா பால் வெட்டுன மரமாக்கூட இருக்கும்" என்றார். அழகாகச் சீவி, ஊன்றி, கட்டினோம். இரண்டு மாதத்தில் கம்பு முழுக்கப் பொடிப் பொடி ஓட்டை, கீழே மாவு மாதிரி தூள். காய் பாரம் தாங்காமல் மடமடவென்று முறிந்தது. "உங்கப்பா மரம் எதுக்கும் ஆகல" என்று சொல்லிவிட்டேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். என் வாய் இருக்கிறதே, அதற்கு ஒரு கம்பு ஊன்றிக் கட்டியிருக்க வேண்டும்.

மூன்றாவது, மரவள்ளிக் குச்சி. அது என் சொந்தப் புத்தி. வேலியோரம் மரவள்ளி நிறைய இருந்தது. குச்சி நேராக இருக்கிறது, சும்மா கிடைக்கிறது, ஒடித்து நட்டேன். நட்ட பத்தாம் நாள் குச்சி துளிர்த்தது! ஒரு மாதத்தில் மரவள்ளி என் தலைக்கு மேலே, தக்காளி அதன் நிழலில் வெளுத்துப்போய்க் கிடந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்காரி காக் யாம் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காக் என்றால் அக்கா. சிரித்து முடித்துவிட்டு, தானே உள்ளே வந்து, மரவள்ளிக் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டு போய்த் தேங்காய்ப்பாலில் சமைத்து ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். அன்று தொடங்கியதுதான் இரண்டு வீட்டுக்கும் நடுவே கிண்ணம் போவதும் வருவதும். இன்றுவரை ஒரு கிண்ணமும் வெறுமையாகத் திரும்பியதில்லை.

நான்காவது, இரும்புக் கம்பி. வீடு கட்டுகிற இடத்தில் மிஞ்சியது. முறியாது, உளுக்காது, துளிர்க்காது என்று நினைத்தேன். வெயிலில் அது அடுப்பாகிவிடும் என்று தோன்றவில்லை. கம்பியை ஒட்டிக் கட்டிய இடமெல்லாம் தண்டு கருகியது.

அதற்குப் பிறகுதான் மூங்கில். பாரிட் புந்தாரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் பெருநாளுக்குப் போயிருந்த காக் யாம், திரும்பி வரும்போது கார்க் கூரையில் மூங்கில் கட்டிக்கொண்டு வந்தாள். எனக்காக! சாய்த்துக் குறுக்காக ஊன்றக் காட்டிக் கொடுத்தாள். பிறகு இங்கே ராஃபியா என்கிற சிவப்புப் பிளாஸ்டிக் நார் உருண்டையைத் தூக்கிக் காட்டி, "தாலி" என்றாள். "தொமாத்தோ, இக்காட் தாலி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தக்காளிக்குத் தாலி கட்டச் சொல்கிறாள்! வீட்டுக்காரரிடம் ஓடினேன். அவர் இருமும்வரை சிரித்தார்.

"மலாய்ல தாலின்னா கயிறு லா. நீ என்ன நெனச்ச? தக்காளிக்குக் கல்யாணமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொல்லை மாடு கட்டுகிற கயிற்றுக்கும் மூட்டை கட்டுகிற கயிற்றுக்கும் சொல்ல என் நாக்கு வளையாது என்று தீர்மானித்தேன். ஏழு வருஷம் அந்தத் தீர்மானத்தில் நின்றேன். கடையில் ராஃபியா வேண்டுமென்றால் விரலை நீட்டிக் காட்டுவேன். காக் யாமிடமும் விரல்தான். அவள் என்னை அந்த ஒரு சொல் மட்டும் வராத ஊமை என்றே நினைத்திருப்பாள்.

4

என் மகள் வாசுகி காக் யாம் வீட்டில்தான் பாதி வளர்ந்தாள். பக்கத்திலேயே மலாய்ப் பள்ளி, அங்கேயே சேர்த்தோம். தமிழ்ப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அவள் பேச்சில் தமிழும் மலாயும் கலந்து வரும். இந்த ஊரில் எல்லோர் பேச்சும் அப்படித்தான் என்பதால் நான் கவலைப்படவில்லை. என் கழுத்தில் கிடப்பதை அவள் "அம்மா செயின்" என்பாள். தங்கச் சங்கிலியில் கோத்திருந்தேன், செயின் என்பது சரியாகத்தான் பட்டது. அதற்குப் பெயர் என்ன என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது.

அவளுக்கு எட்டு வயது. மூன்று நாளாக விடாத மழை. மலைப் பாதையில் மண் சரிகிறது என்று கடையில் பேசிக்கொண்டார்கள். மத்தியானம் வந்திருக்க வேண்டிய என் வீட்டுக்காரர் நாலு மணி ஆகியும் வரவில்லை. எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றுகொண்டு பழநி முருகனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பின்வாசல் வழியாக வாசுகி ஓடி வந்தாள். தலை முதல் கால்வரை நனைந்திருந்தாள்.

"அம்மா! அம்மா! தாலி அந்து போச்சு!"

அடித்துவிட்டேன். யோசித்து அடிக்கவில்லை. கை தானாகப் போயிற்று. "என்ன வார்த்தைடி சொன்ன, வாயைக் கழுவுடி!" என்று கத்தினேன். இன்னொரு கை கழுத்தைத் தொட்டுப் பார்த்தது. அப்புறம்தான் அவள் கையைப் பார்த்தேன். சிவப்பு ராஃபியாத் துண்டு. கட்டு அறுந்து மூங்கில் சாய்ந்திருக்கிறது. பிள்ளை மழையில் நின்று, செடியை இரண்டு கையாலும் தாங்கிப் பார்த்துவிட்டு, முடியாமல் என்னைக் கூப்பிட ஓடி வந்திருக்கிறாள்.

அவர் ஆறு மணிக்கு வந்தார். "சடக்குல மண்ணு சரிஞ்சு கெடந்துச்சு, தொறக்குற வரைக்கும் ஒரு கடையில காப்பி குடிச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார், ஒன்றும் நடக்காததுபோல. நான் சாமிப்படத்துக்கு முன்னால் நின்று அழுதேன். பிள்ளை மூலையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து என்னோடு தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

5

மூன்று நாள் கோபம் என்று நினைத்தேன். சாப்பிட்டாயா என்றால் "சுடா." இன்னும் வேண்டுமா என்றால் "தா மாவு." ஆயிற்று, வேண்டாம், அவ்வளவுதான். அப்பாவோடு பழையபடி வளவளவென்று பேசுவாள், நான் வந்தால் மலாய்க்கு மாறிவிடுவாள். அதுகூடப் போகட்டும். என்னை அம்மா என்று கூப்பிடுவதையும் விட்டாள். காக் யாமின் பிள்ளைகள் கூப்பிடுகிறமாதிரி "மாக்" என்றாள். பெற்ற வயிறு பற்றி எரியும் என்பார்களே, எனக்கு எரிந்தது.

"ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சிரும் கோமதி" என்பார் அவர். "அம்மா தெரியாம அடிச்சிட்டேன்னு சொல்லேன்."

எட்டு வயதுப் பிள்ளையிடம் நான் போய் மன்னிப்புக் கேட்பதா? எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் கேட்டதில்லை. தமிழில் அந்த வாக்கியத்தை எப்படித் தொடங்குவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அப்படியே இரண்டு வருஷம் ஓடியது. தக்காளி காய்த்தது, பறித்தோம், ரசம் வைத்தேன். அவள் ஊற்றிச் சாப்பிட்டாள். பேசவில்லை.

அப்போதுதான் அரசாங்கத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இங்கே குடியுரிமை உள்ளவர்களுக்கு நீல அட்டை. என் மாதிரி வந்து தங்கியவர்களுக்குச் சிவப்பு. என் வீட்டுக்காரர் எனக்காக எழுதிப் போட்டிருந்தார். அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மலாய் பேசுகிறேனா என்று பார்ப்பார்களாம். எனக்குத் தெரிந்தது காய்கறிக் கடை மலாய். அவர் மகளிடம் சொன்னார், "ஒங்கம்மாவுக்கு நாலு வார்த்தை சொல்லிக் குடு கண்ணு."

இரண்டு வாரம், தினமும் பள்ளி விட்டு வந்ததும், அடி ஸ்கேலை மேஜையில் தட்டிக் கேள்வி கேட்டாள். பேர் என்ன, வீடு எங்கே, கணவர் என்ன வேலை. தப்பாகச் சொன்னால் மறுபடி ஸ்கேல். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த இரண்டு வாரமும் பெரிய சந்தோஷம். காகிதத்தைப் பார்த்துக் கேட்டாலும் என்னிடம்தானே கேட்டாள்!

குறித்த நாளில் அவருக்கு லாரி. வாசுகியைக் கூட்டிக்கொண்டு போனேன். அதிகாரி என் வயதுப் பெண், கண்ணாடி போட்டிருந்தார். என் பின்னால் பெஞ்சில் வாசுகி. ஸ்கேல் கேள்விகளுக்கெல்லாம் கடகடவென்று பதில் சொன்னேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டு, காகிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டார். வீட்டில் பொழுது எப்படிப் போகிறது?

"தானாம் தொமாத்தோ" என்றேன். தக்காளி நடுகிறேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அவரும் நடுகிறாராம். சாய்ந்து சாய்ந்து விழுகிறதாம். கம்பு என்ன வைத்தீர்கள் என்று கேட்டேன். இரும்பு என்றார்.

"பெசி? தா போலே! பானாஸ்!" இரும்பா? கூடாது! சூடு! அரசாங்க அதிகாரி என்பதெல்லாம் மறந்துபோய், சரசுவைத் திட்டுவதுபோலத் திட்டிவிட்டேன். பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. ரப்பர்க் கம்பு, மரவள்ளி, மூங்கில் என்று என் கதையெல்லாம் உடைந்த மலாயில் வந்தது. குறுக்கே ஊன்ற வேண்டும் என்று கையால் காட்டினேன். சரி, எதைக் கொண்டு கட்டுகிறீர்கள் என்று கேட்டார்.

மேஜையில் ஒரு கோப்பு இருந்தது, அதைச் சுற்றி ஒரு நாடா. விரலை நீட்டினால் போதும். ஏழு வருஷப் பழக்கம், விரல் பாதி எழுந்துவிட்டது. பின்னால் என் பெண் உட்கார்ந்திருக்கிறாள். விரலை மடக்கிக்கொண்டேன்.

"தாலி" என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம், விட முடியவில்லை. சங்கிலியை வெளியே எடுத்துக் காட்டினேன். தமிழில் தாலி என்றால் இது, கணவர் கட்டியது என்றேன். இது அறுந்தால், "புத்தோஸ்" ஆனால், கணவர் போய்விட்டார் என்று அர்த்தம். அதனால் நாங்கள் புத்தோஸ் என்ற சொல்லையே சொல்லமாட்டோம். கயிறு நைந்து போனாலும் பெருகிற்று என்போம். பெருகுவதற்கு மலாயில் என்ன என்று தேடினேன், "தம்பா" என்ற சொல் கிடைத்தது. கூடுவது. அறுந்தாலும் கூடிற்று என்றுதான் சொல்வோம் என்றேன்.

"என் பிள்ளைக்கு இது தெரியாது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. தக்காளிக் கயிறு அறுந்தது என்று சொன்னாள். நான் அடித்துவிட்டேன்." அப்புறம் அந்த வாக்கியம் வந்தது. தமிழில் இரண்டு வருஷம் வராதது, மலாயில் இரண்டே சொல்லில் வந்துவிட்டது. "சாயா சாலா." தப்பு என்னுடையது.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாசுகியைப் பார்த்து, அம்மா சொல்வது உண்மையா என்றார். அவள் தலையை எப்படி ஆட்டினாள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. தைரியம் இல்லை. காகிதத்தில் ஏதோ எழுதி, முத்திரை குத்தி, நாங்கள் எழுந்தபோது மறுபடி கேட்டார், மூங்கில்தானே? மூங்கில்தான் என்றேன்.

பஸ்ஸில் வாசுகி ஜன்னலோர சீட்டை எனக்கு விட்டாள்.

6

நீல அட்டை வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. போன மாதம் வாசுகிக்குப் பன்னிரண்டு வயது முடிந்து அவளுக்கும் அட்டை எடுத்தோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரே நீலம். இந்த நாடு எனக்கு ஒரு நல்ல மனுஷனைக் கொடுத்தது, வேலிக்கு அந்தப்பக்கம் ஓர் அக்காவைக் கொடுத்தது, என் மொழியில் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு மொழியைக் கொடுத்தது. நன்றி என்பதைத் தவிர எனக்கு வேறு சொல் தெரியவில்லை.

சரசு, உனக்குப் பதில். மூங்கில் வை. நாற்று நடும்போதே கம்பையும் ஊன்றிவிடு, செடி வளர்ந்தபின் ஊன்றினால் வேர் அறுபடும். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி ஊன்று. இரண்டு இரண்டாகச் சாய்த்து, மேலே ஒன்றைக் குறுக்கே போட்டுக் கட்டு. செடியை இறுக்கிக் கட்டாதே. எட்டு எழுதுகிறமாதிரி சுற்றி, தண்டு பருக்க இடம் விட்டுக் கட்டு. இறுக்கினால் வளராது, காயம்தான் படும். இதை நான் செடியிடம் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் கயிறு ஒரு நாள் போகும். எங்களுக்கும் போயிற்று. அந்த அலுவலகம் போய் வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. சாயங்கால மழை விட்டிருந்தது. வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். கொல்லையிலிருந்து வாசுகியின் குரல் கேட்டது.

"அம்மா!"

கரண்டி கையிலேயே நின்றது. மாக் இல்லை, அம்மா.

"அம்மா! சீக்கிரம் வாங்க! தாலி பெருகிப் போச்சு!"

அவருக்குப் புரையேறிவிட்டது. "என்னாது? யாருக்கு?" என்று தலையில் தட்டிக்கொண்டே கேட்டார்.

"தக்காளிக்குத்தான், நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, ராஃபியா உருண்டையை எடுத்துக்கொண்டு நான் ஓடினேன்.